மதிலும் மேலாடையும்
ஓர் ஆங்கில வினைச்சொல்லின் வரலாறு

நாட்டு வரலாற்றை அறிதற்கு அரசர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் போதும் என்று கருதுவார் பலர். மக்கள் வழங்கிய சொற்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை அவர் நினைப்பதில்லை. கல்வெட்டொன்றை ஆராய்வோன் அதன் எழுத்தை மாத்திரம் படித்து அமைவதில்லை. அஃது எவர் ஆணையால், எதன்பொருட்டு வெட்டப்பட்டது என்பதையும் நோக்குகின்றான். சொல்லையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘டிஸ்மான்ரில்’ என வழங்கும் வினைச்சொல் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். பொறிகளைக் கழற்றுதல், கட்டடங்களைப் பிரித்தல், நிறுவனங்களைக் கலைத்தல் முதலிய பொருள்களில் இக்காலத்தார் அதனை ஆளுகின்றனர். எனினும் அச்சொல் பொறிச்சாலையிற் பிறந்ததன்று, போர்க்களத்திற் பிறந்தது. அதன் பிறப்பையும் வளர்ச்சியையும் ஆராயுமிடத்து, ஐரோப்பிய வரலாற்றின் ஒரு பகுதியே நம் கண்முன் விரிகின்றது.

இலத்தீன் மொழியில் ‘மாந்தெல்லும்’ என்பது மேலாடையைக் குறித்த சொல். அது பழைய பிரெஞ்சு மொழியிற் புகுந்து ‘மான்ரெல்’ என வழங்கிற்று. அதனோடு நீக்கப் பொருளுடைய முன்னொட்டுச் சேர, மேலாடையைக் களைதல் என்னும் பொருளுடைய வினை தோன்றிற்று. அவ்வினையைப் பிரெஞ்சுக்காரர் சிறப்பாக ஆண்ட இடம் கோட்டை நகரங்களின் மதிலை நீக்குதலாகும். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் இச்சொல்லைக் கடனாகப் பெற்றனர். ஆங்கிலத்தில் மேலங்கியைக் குறிக்கும் ‘மான்ரில்’ என்பதும், பயணத்தின்போது மேலங்கியைக் கொண்டுசெல்லும் பெட்டியைக் குறித்த ‘போட்மான்ரோ’ என்பதும் இதனுடன் பிறந்த சொற்களேயாம்.

மதிலை மேலாடை எனக் கொண்டமை ஆழ்ந்த கருத்துடையது. குளிர்நாட்டான் ஒருவனின் மேலாடையைப் பறித்தால் அவன் உடனே இறந்துபடான். கையும் காலும் முன்போல இயங்கும். ஆயின், அடுத்து வரும் பனிக்கும் காற்றுக்கும் அவன் இலக்காவான். மதில் இழந்த நகரும் அத்தன்மைத்தே. வீடுகள் எரிக்கப்படவில்லை, சந்தை கூடுகின்றது, கோவில் மணி ஒலிக்கின்றது. எனினும் நாளை எவன் படையொடு வரினும் அவனைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அந்நகருக்கு இல்லை. ஆகவே இச்சொல்லின் மூலப்பொருள் அழித்தல் அன்று. உயிரை விடுத்துக் காவலை மாத்திரம் நீக்குதலே அதன் உட்பொருளாகும்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்தற்கு, ஒத்த பொருளுடைய பிற ஆங்கிலச் சொற்களோடு இதனை ஒப்பிடுதல் நன்று. ‘றேஸ்’ என்பது சுரண்டுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. தரையோடு தரையாக்குதலை அது குறிக்கும். ‘டெமோலிஷ்’ என்பது முயன்று எழுப்பிய பெருங் கட்டடத்தை வீழ்த்துதலாம். ‘ஸ்லைற்’ என்பது மட்டமாக்குதல் என்னும் பொருளுடைய கீழ்ஜேர்மானியச் சொல்லோடு தொடர்புடையது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் கோட்டைகளைப் பயனற்றனவாக்குதற்கு அதனை மிகுதியும் வழங்கினர். இவை யாவும் வீழ்ந்த கல்லையே நோக்குகின்றன. ‘டிஸ்மான்ரில்’ ஒன்றே, கல் நீங்கியபின் உள்ளே எஞ்சி நிற்பதை நோக்குகின்றது.

ஆங்கிலக் கவிஞருள் தலைசிறந்த சேக்ஸ்பியர் இச்சொல்லைக் கையாண்ட முறை கருதற்பாலது. லீயர் மன்னன் தன் இளைய மகளை வெறுத்தொதுக்கும் காட்சியில், தந்தையின் பேரன்பைப் பல மடிப்புக்கள் கொண்டதோர் ஆடையாகக் கண்டு, அத்தனை மடிப்பும் ஒரு நொடியிற் களையப்படுதற்கு அவள் இழைத்த குற்றம் யாதோ எனப் பிரான்சு மன்னன் வியக்கின்றான். பிறிதொரு நாடகத்தில் இளவரசி ஒருத்தி மாறுவேடம் பூணும்பொருட்டுத் தன் உடையைக் களையுமாறு பணிக்கப்படுகின்றாள். ஹம்லெற் நாடகத்திலோ, தெய்வத்தை ஒத்த மன்னனை இழந்த நாடே மேலாடை இழந்ததாகக் கூறப்படுகின்றது. இம்மூன்று இடத்தும் கோட்டை இல்லை. எனினும் காப்பாய் இருந்தது நீங்கிற்று என்னும் கருத்து மூன்றினும் உண்டு. 1755ஆம் ஆண்டில் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதியும் ஆடை களைதல், நகரின் புறவரண்களை நீக்குதல் ஆகிய இரு பொருளையும் அருகருகே வைத்துக் காட்டுகின்றது.

இனி, இச்சொல் குறித்த செயலை வரலாற்றிற் காண்பாம். பிரான்சு நாட்டில் 1598ஆம் ஆண்டு நாலாம் ஹென்றி நான்ற் கட்டளையைப் பிறப்பித்தான். கத்தோலிக்கர் பெரும்பான்மையினராய் வாழ்ந்த அந்நாட்டில், ஹியூகநொட்டுக்கள் எனப்பட்ட புரட்டெஸ்தாந்தர் குறித்த இடங்களில் வழிபடவும் பதவிகள் வகிக்கவும் அக்கட்டளை உரிமை வழங்கிற்று. அவ்வுரிமைக்கு உறுதியாக அரண் சூழ்ந்த பல நகரங்களும் அவர் கையில் விடப்பட்டன. எழுத்திலே உரிமையும், அதனைச் சூழ மதிலும் இருந்தன எனலாம்.

1624ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் லூயியின் தலைமை அமைச்சரான கார்டினல் றிச்சலியு இந்நிலையை ஏற்றாரல்லர். ஒரு நாட்டில் அரசன் ஒருவனே படையும் அரணும் உடையனாதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1626ஆம் ஆண்டில், எல்லைப்புறத்தைக் காத்தற்கு வேண்டப்படாத உள்நாட்டுக் கோட்டைகளின் அரண்களை நீக்குமாறு அரச ஆணை பிறந்தது. இவ்வாணை சமயம் பற்றியதன்று. குன்றுதோறும் கோட்டை கட்டிக்கொண்டு அரசனையும் சட்டத்தையும் மதியாது திரிந்த பெருமக்களின் செருக்கை அடக்குதலே அதன் நோக்கமாகும். அவர்தம் கொடுமைக்கு ஆளான எளிய மக்களுக்கு அம்மதில்கள் மேலாடையல்ல, விலங்கேயாம்.

அடுத்து வந்தது லா றொஷேல் நகரின் முற்றுகை. அது ஹியூகநொட்டுக்களின் வலிமை மிக்க துறைமுகம். 1627ஆம் ஆண்டு தொடங்கிய முற்றுகை ஓராண்டுக்கு மேல் நீடித்தது. கடல்வழியே உதவி வாராதவாறு றிச்சலியு துறைமுகத்தின் குறுக்கே நீண்டதோர் அணையைக் கட்டுவித்தார். ஆங்கிலேயர் அனுப்பிய கப்பற்படை அதனைக் கடக்க இயலாது மீண்டது. 1628ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நகரம் பணிந்தபோது, ஏறத்தாழ 27,000 மக்களுள் 5,000 பேர் வரையிலேயே எஞ்சினர் என்பர். அதன்பின் நகரின் நிலப்புற மதில்கள் நீக்கப்பட்டன; துறைமுக வாயிலிலுள்ள கோபுரங்கள் விடப்பட்டன. கடலை நோக்கிய காவல் அரசனுக்கு வேண்டியிருந்தது. அரசனை நோக்கிய காவல் வேண்டப்படவில்லை. அக்கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. நமது வினைச்சொல்லின் பொருளுக்கு இதனினும் சிறந்த விளக்கம் காண்டல் அரிது.

1629ஆம் ஆண்டு அலே நகரில் ஏற்பட்ட சமாதானத்தின்படி ஹியூகநொட்டுக்கள் தம் அரண் நகரங்களையும் படைகளையும் இழந்தனர். ஆயின் வழிபாட்டுரிமையை இழந்தாரல்லர். நான்ற் கட்டளையின் சமயப் பகுதிகள் மீண்டும் உறுதிசெய்யப்பட்டன. றிச்சலியு தம் வாக்கைக் காத்தார் என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அவர் காலத்தில் அம்மக்கள் அமைதியாக வாழ்ந்து தொழிலிலும் வணிகத்திலும் மேம்பட்டனர்.

எனினும் ஒருவர் தந்த வாக்கு அவர் வாழ்நாளளவும் காக்கப்படலாம். அவருக்குப் பின் வருவோர் யாது செய்வர் என்பதே வினா. பதினான்காம் லூயியின் ஆட்சியில் உரிமைகள் ஒவ்வொன்றாகச் சுருக்கப்பட்டன. 1681ஆம் ஆண்டு முதல் குதிரைப்படை வீரர் ஹியூகநொட்டுக்களின் வீடுகளில் தங்கவைக்கப்பட்டனர். மதம் மாறும்வரை அவர்தம் உணவையும் உடைமையையும் சூறையாடினர். மதில் இருந்த காலத்து நகர வாயிலுக்கு வெளியே நின்றிருக்கவேண்டிய படைவீரன், மதில் நீங்கியபின் அடுக்களையில் அமர்ந்திருந்தான். 1685ஆம் ஆண்டில் நான்ற் கட்டளையே நீக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் ஒல்லாந்து, இங்கிலாந்து, பிரண்டன்பேர்க் முதலிய நாடுகளுக்கு ஓடினர். நெசவும் மணிப்பொறித் தொழிலும் வல்ல கைகள் பிரான்சை விட்டு அகன்றன.

மதில்கள் நின்றிருப்பின் இத்துன்பம் நேர்ந்திராது எனத் துணிந்து கூறுதல் வரலாற்று முறையன்று. மதிலுடைய லா றொஷேலும் பசியால் வீழ்ந்ததன்றோ? ஆயினும், மதில் களைந்த 1629க்கும் உரிமை களைந்த 1685க்கும் இடைப்பட்ட 56 ஆண்டுகள் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஒரு மக்களின் பாதுகாப்பை நீக்குவோர் அவ்வேளையில் வேறெதனையும் தொடாது விடக்கூடும். எஞ்சிய உரிமைகள் அன்றுமுதல் பிறரது நல்லெண்ணத்தையே பற்றி நிற்கும்.

இங்கிலாந்தில் இதே செயல் வேறொரு முகத்தோடு தோன்றிற்று. அங்கு முதலாம் சாள்ஸ் மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்கும் மூண்ட உள்நாட்டுப் போரிற் பழைய கோட்டைகள் பல மன்னன் கட்சியாருக்குப் புகலிடமாயின. வென்ற பாராளுமன்றத்தார் அவற்றைப் பயனற்றனவாக்க முற்பட்டனர். 1646இல் கோவ் கோட்டையும், 1649இல் கெனில்வேத் கோட்டையும் இவ்வாறு சிதைக்கப்பட்டன. பொன்ரிபிறக்ட் என்னும் ஊரிலோ, தங்கள் கோட்டையை நீக்குமாறு ஊரவரே வேண்டிக்கொண்டனர். மூன்று முற்றுகைகளைக் கண்டு நலிந்த அவர்க்கு அக்கோட்டை போரை வரவழைக்கும் பொருளாயிற்று. ஆகவே மதில் எல்லார்க்கும் எக்காலத்தும் மேலாடையாகும் என்பதற்கில்லை. யாருடைய மதில், யாரிடமிருந்து யாரைக் காக்கின்றது என வினவிய பின்னரே அதன் நீக்கம் நன்றோ தீதோ எனத் துணிதல் கூடும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இச்செயல் நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கைகளில் இடம்பெற்றது. பிரான்சின் வடகரையிலுள்ள டன்கேர்க் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஆங்கில வணிகக் கப்பல்களைச் சூறையாடிவந்தன. 1713ஆம் ஆண்டின் யூற்றெக்ட் உடன்படிக்கையின் ஒன்பதாம் உறுப்புரை, டன்கேர்க்கின் அரண்களை இடித்துத் துறைமுகத்தைத் தூர்க்குமாறும், செலவைப் பிரான்சே ஏற்குமாறும் விதித்தது. பிரெஞ்சுக்காரர் அதற்கு இணங்கினர்; உடனே அயலிலுள்ள மார்டிக் என்னுமிடத்திற் புதிய கால்வாயொன்றை வெட்டத் தொடங்கினர். 1717இல் அக்கால்வாயின் மதகுகளைச் சிறிதாக்குமாறு மற்றோர் உடன்படிக்கை எழுந்தது. 1748இலும் 1763இலும் அதே நிபந்தனை திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. ஈற்றில் 1783ஆம் ஆண்டு வேர்சேய் உடன்படிக்கையில் அது கைவிடப்பட்டது. எழுபது ஆண்டுகள் எழுதியும் முடியாத வேலையாயிற்று அது. கல்லைக் களையலாம், கட்டும் விருப்பைக் களைதல் எளிதன்று.

அந்நூற்றாண்டின் நடுவில் இப்பூசல் தமிழ்நாட்டுக் கரையையும் எட்டிற்று. 1758ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூருக்கு அணித்தான தேவனாம்பட்டினத்திலிருந்த ஆங்கிலேயரின் செயின்ற் டேவிட் கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தான். 1761ஆம் ஆண்டு சனவரியிற் புதுச்சேரி ஐர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதியிடம் பணிந்தபோது அதற்குப் பழி வாங்கப்பட்டது. கோட்டை மாத்திரமன்றி நகரமும் தரைமட்டமாயிற்று. புதுச்சேரியின் வாழ்வைத் தம் நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப்பிள்ளை, நகரம் பணிதற்குச் சில நாள் முன்னரே உயிர் நீத்தார். அவ்வழிவைக் காணும் துன்பம் அவருக்கு நேரவில்லை. ஆங்கிலேயர் செய்த இச்செயலை நமது வினைச்சொல்லாற் குறித்தல் பொருந்தாது. மேலாடையைக் களைந்து அமையாது உடலையும் சிதைத்தமையின், அது தகர்த்தலேயாம்.

ஈழநாட்டில் இதற்கு முன்னரே, பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வேறொரு வகைச் செயல் நிகழ்ந்தது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா திருக்கோணமலையிலே கோணேசர் கோவிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினான். இணைக்கயற் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் பொறித்த கல் அக்கோட்டை வாயிலில் இன்றும் காணப்படுகின்றது. ஒருவர் வழிபட்ட இடத்தின் கல் மற்றொருவரின் மதிலாயிற்று. கல் அழிந்திலது, அதன் பொருளே மாறிற்று.

கொழும்பில் நிகழ்ந்ததோ போரும் பழியும் கலவாதது. ஒல்லாந்தரிடமிருந்து 1796இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய கொழும்புக் கோட்டையின் மதில்கள், 1869ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகளில் நீக்கப்பட்டன. பீரங்கியின் ஆற்றல் பெருகிய காலத்தில் அம்மதில்களாற் பயன் குறைந்தது. வளரும் நகருக்கு இடமும் தேவைப்பட்டது. அதனை நீக்கியோரும் பகைவரல்லர், உடையவரே. மதில் போய் ஒன்றரை நூற்றாண்டாகியும், அப்பகுதியை மக்கள் ‘கோட்டை’ என்றே வழங்குகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல்லின் பொருள் விரிந்தது. முன்னரே, கப்பலின் பாயும் கயிறும் பீரங்கியும் நீக்கி வெறும் உடலாக நிறுத்துதலை மாலுமிகள் இச்சொல்லாற் குறித்தனர். பொறிகளும் இரும்புக் கட்டடங்களும் பெருகிய பின்னர், இணைத்த உறுப்புக்களை ஒழுங்காகக் கழற்றுதல் என்னும் பொருள் மேலோங்கிற்று. 1851ஆம் ஆண்டுப் பெருங் கண்காட்சிக்காக இலண்டன் ஹைட் பூங்காவில் இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகை, மறு ஆண்டு பிரிக்கப்பட்டது. சிடன்ஹாம் என்னுமிடத்திற் பெரிதாக்கி அமைக்கப்பெற்று 1854இல் மீண்டும் திறக்கப்பட்டது. எகிப்தில் அஸ்வான் அணைநீரில் மூழ்கவிருந்த அபூ சிம்பல் கோவில்கள், 1964 முதல் 1968 வரை பாளம் பாளமாக அறுத்தெடுக்கப்பட்டு, ஏறத்தாழ 65 மீற்றர் உயரத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. திருவிழா முடிந்தபின் சப்பறத்தைப் பிரிப்போர் மரங்களை எறிந்துவிடாது அடுத்த ஆண்டுக்கென அடுக்கிவைத்தலும் இவ்வகையினதே. மீண்டும் கூட்டலாம் என்னும் நம்பிக்கையோடு செய்யப்படுவது இப்பிரித்தல். காவலை நீக்குதல் எனப் பிறந்த சொல், காத்தற்பொருட்டுப் பிரித்தலையும் குறிக்கலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விரு பொருளும் ஒருங்கு வந்தன. 1919ஆம் ஆண்டின் வேர்சேய் உடன்படிக்கையினது 180ஆம் உறுப்புரை, றைன் ஆற்றுக்கு மேற்கிலும் அதன் கிழக்கே 50 கிலோமீற்றர் வரையிலுமுள்ள ஜேர்மானிய அரண்களை நீக்குமாறு பணித்தது. அங்கு இச்சொல் தன் பழைய பொருளிலேயே ஆளப்பட்டது. 1936ஆம் ஆண்டு மார்ச்சில் ஹிற்லரின் படை அப்பகுதியிற் புகுந்தபோது அந்நிபந்தனை மடிந்தது. 1945இல் ஜேர்மனி மீண்டும் தோற்றபின், வென்றோர் மதில்களைத் தேடவில்லை, தொழிற்சாலைகளையே தேடினர். எஃகு ஆலையே புதுக்காலத்து அரண் எனக் கண்டு, பொறிகளைக் கழற்றி இழப்பீடாகக் கொண்டுசென்றனர். ஆயின் ஜேர்மனியின் எஃகின்றி மேற்கு ஐரோப்பா எழுதல் அரிது என உணர்ந்த மேலைநாட்டார், 1949ஆம் ஆண்டுப் பீற்றர்ஸ்பேர்க் உடன்பாட்டாற் பல ஆலைகளை அப்பட்டியலிலிருந்து விலக்கினர்.

இக்காலத்து இச்சொல் கல்லையும் இரும்பையும் கடந்து சட்டங்களையும் ஆட்சி முறைகளையும் பற்றிற்று. தென்னாபிரிக்காவின் நிறவொதுக்கல் முறை நீங்கிய வரலாற்றைக் கூறுவோர் இவ்வினையையே பெரிதும் ஆளுகின்றனர். அது பொருத்தமே. 1913ஆம் ஆண்டின் காணிச் சட்டம், 1950ஆம் ஆண்டின் குடித்தொகைப் பதிவுச் சட்டம், குழுக்குடியிருப்புச் சட்டம் எனப் படிப்படியாக அடுக்கிய அம்மதில், 1991ஆம் ஆண்டில் அச்சட்டங்கள் நீக்கப்பட்டதோடு கல் கல்லாகப் பிரிந்தது. 1994இல் எல்லா இனத்தவரும் வாக்களித்தனர். சிலருக்கு மேலாடையாயிருந்த அம்மதில் பலருக்குச் சிறையாயிருந்தமையின், அதன் நீக்கம் விடுதலையாயிற்று.

இனி, இச்சொல்லைத் தமிழிற் பெயர்க்கும் மாணவர் கருதவேண்டியன சில உள. இவ்வினை உறுப்புக்கள் கூடி அமைந்த பொருளையே செயப்படுபொருளாக ஏற்கும். தனிக்கல்லையும் மரத்தையும் அது பற்றாது. திடீரெனச் சிதைதலை அது குறியாது. ஆணையும் ஒழுங்கும் உடைய செயலையே குறிக்கும். குண்டு வீழ்ந்து தகர்ந்த பாலத்துக்கு அது பொருந்தாது. பொறியியலார் ஆணிகளைக் கழற்றி இறக்கிய பாலத்துக்கே பொருந்தும். ஆகவே, எங்கும் ‘அழித்தல்’ என மொழிபெயர்த்தல் வரலாற்றையே திரித்துவிடும். பொறிக்குக் ‘கழற்றல்’, பந்தலுக்குப் ‘பிரித்தல்’, ஆட்சி அமைப்புக்குப் ‘படிப்படியாக நீக்கல்’ என இடம் நோக்கி ஆளுதல் வேண்டும்.

மூலப்பொருளுக்கு மிக அணித்தான தமிழ்ச்சொல் ‘களைதல்’ என்பதே. ஆடையையும் அணியையும் களைகின்றோம், துன்பத்தையும் களைகின்றோம், பயிருக்கு ஊறான பூண்டைக் களை எனவே வழங்குகின்றோம். காப்பை நீக்குதலும் கேட்டை நீக்குதலும் ஆகிய இரு முகமும் அச்சொல்லில் உண்டு. ‘அரண் களைதல்’ என்னும் தொடர் இதற்குத் தக்கதாகும். மதில் பற்றிய சிந்தனை நம் முன்னோர்க்குப் புதியதன்று. மதிலை வளைத்தலை உழிஞை எனவும், காத்தலை நொச்சி எனவும் புறத்திணை நூலார் வகுத்தனர். திருவள்ளுவர் அரணுக்கெனத் தனி அதிகாரமே அமைத்தார். பகைவர் அரண்களைக் கழுதை ஏர் பூட்டி உழுத வேந்தரைப் புறநானூறு காட்டுகின்றது. அஃது அரண் களைதலோடு நில்லாது இகழ்ச்சியையும் விதைத்த செயல்.

இதுகாறும் கூறியவாற்றால், ஒரு வினைச்சொல்லின் உள்ளே நானூறு ஆண்டு வரலாறு அடங்கியிருத்தல் விளங்கும். ஏதேனும் ஓர் அமைப்புக் களையப்பட்டது எனக் கேட்கும்போது, வரலாற்று மாணவன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். களையப்பட்டது யாருடைய மேலாடை? களைந்தவர் யார்? அது நீங்கியபின் உள்ளே நிற்பவரைக் காப்பது யாது? பொன்ரிபிறக்ட் ஊரவர்க்கும் தென்னாபிரிக்க மக்களுக்கும் இவ்வினாக்களின் விடை மகிழ்ச்சி தந்தது. லா றொஷேல் மக்களுக்கோ, மூன்றாம் வினாவுக்கு அரசன் தந்த வாக்கு ஒன்றே விடையாயிருந்தது. அவ்விடை இரண்டு தலைமுறைக்கும் போதவில்லை.